பாசியின்மேற் பழி

பழைய ஏற்பாட்டின் யாத்திராகமத்திலே எகிப்து தேசத்து நதி இரத்தமாக மாறிய செய்தியை நம்மில் அறியாதார் இலர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் சிறுவராயிருந்து கேட்டபொழுது நதியின் செந்நிறமும் செத்து மிதந்த மீன்களுமே நம் நெஞ்சைக் கவர்ந்தன. இப்பொழுது அவ்வதிகாரத்தை மீண்டும் படிக்குங்கால் வேறிரண்டு சிறு செய்திகள் கண்ணிற் படுகின்றன. நதிநீர் குடிக்கத் தகாததாகவே, அந்நாட்டார் நதியோரத்திற் குழி தோண்டி ஊற்றுநீர் தேடினர் என்பது ஒன்று. பார்வோனோ இதனையும் மனத்திற் கொள்ளாது தன் வீட்டிற்குத் திரும்பினான் என்பது மற்றொன்று. அந்நீரின் செம்மை ஒருவகைப் பாசியால் வந்ததெனச் சொல்வாரும் உளர். தெய்வத்தின் செயலை நுண்ணோக்காடியின் கீழ் வைத்துப் பார்க்கும் அவ்வாராய்ச்சியிற் புக யாம் விரும்புகின்றோமல்லேம். நீர் கெட்டவிடத்துக் குடிப்பவர் கரையிலே குழி தோண்டுவதும், ஆள்பவர் அரண்மனைக்குத் திரும்புவதும் அன்றோடு ஒழிந்த வழக்கமன்று என்பதையே ஈண்டுக் கூற வந்தோம்.

நீர்நிலை நிறம் மாறினால் அதற்கொரு பழியாளியைத் தேடுவது மக்கள் இயல்பு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் மூர்ட்டன் என்னும் ஏரியொன்று உளது. 1476ஆம் ஆண்டில் அதன் கரையிலே பர்கண்டிக் கோமகன் சார்லஸின் சேனை ஸ்விஸ் வீரரால் முறியடிக்கப்பட்டது. ஏரியுள் தள்ளுண்டு மாய்ந்தோர் பலர். பிற்காலத்தில் அவ்வேரி சிவந்து தோன்றிய போதெல்லாம், மாண்டவரின் குருதி மேலெழுகின்றது என மீன்பிடிப்போர் கூறுவாராயினர். ஆராய்ந்தவர் கண்டதோ நூலிழை போன்றதொரு நுண்ணுயிர். பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெஸென்ஸ் என்பது அதன் இற்றைநாட் பெயர். ஆயினும் ஜெர்மானிய மொழியிற் 'பர்கண்டி இரத்தப் பாசி' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இவ்வுயிரைப் பின்னரும் ஓரிடத்திற் சந்திப்போம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் யாது வேலை என உயிர்நூல் பயிலும் நண்பர் நகைப்பாராயின், எம் விடை இது: முதற்பிழை சொல்லிலே தொடங்குகின்றது. 'பாசி' என்பது பசுமை என்னும் வேரினின்று பிறந்த சொல். படித்துறையில் வழுக்குவதும் பாசி. குளத்தில் நூல்நூலாய்ப் படர்வதும் பாசி. கடலிற் கிடைப்பதும் பாசி. நிறம் ஒத்திருத்தலாற் பெயரும் ஒன்றாயிற்று. யாம் ஈண்டுக் கூறும் உயிரோ அவற்றின் இனத்ததன்று. அது பாக்டீரியா வகுப்பினது. பாசிகளின் உயிரணுவிற் காணப்படும் உட்கரு இதன்கண் இல்லை. ஆனால் செடிகொடிகளைப் போல வெயிலையுண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆதலின் அறிஞர் இதனை ஸயனோபாக்டீரியா என்பர். செந்நிற வகையும் உண்டெனினும், சுருக்கம் நோக்கி யாம் 'நீலப்பாசி' என்றே வழங்குவோம். வேறுபாடு காண்பதற்கு நுண்ணோக்காடியும் வேண்டுவதில்லை. குளத்துள் ஒரு கோலை விட்டு எடுங்கள். கோலில் நூல்போலத் தொங்கி வருமாயின் அது பெரும்பாலும் வாளா கிடக்கும் பச்சைப்பாசி. பச்சை வர்ணத்தில் தோய்த்தெடுத்தாற்போலக் கோல் முழுதும் பூசப்பட்டிருக்குமாயின், அது நீலப்பாசியென ஐயுற்று, நாயையும் மாட்டையும் அந்நீரினின்று விலக்குவதே தக்கது.

இவ்வுயிரைக் கொலைஞனென முடிவு செய்யுமுன் அதன் குலத்தை நோக்குதல் வேண்டும். பூமியின் ஆகாயத்தில் உயிர்வளி நிறையத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்கு முன்னர். அதனை நிறைத்தவை இவற்றின் முன்னோரே. நெல்லின் இலையிற் பசுமை பூண்டு வெயிலை ஏற்கும் நுண்ணுறுப்பும், ஒரு காலத்திற் செடியின் முன்னோருட் குடிபுகுந்த நீலப்பாசியின் வழித்தோன்றலே என்பர். இன்னும் அணிமையிற் பார்ப்பின், நம் உழவர் வயலிலும் தொட்டியிலும் வளர்க்கும் அசோலாவின் இலைக்குள்ளே ஒருவகை நீலப்பாசி உறைகின்றது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி உரமாக்கிப் பயிர்க்கு ஊட்டுகின்றது. நெல்வயலின் நீரில் தனித்து வாழும் நீலப்பாசிகளும் இத்தொண்டைச் செய்கின்றன என்பதை பி. கே. டே என்னும் இந்திய அறிஞர் 1939ஆம் ஆண்டில் எழுதி நிறுவினார். சோறிடும் கை இதற்கும் உண்டு என்க.

அங்ஙனமாயின் இது தீங்கு செய்வது எப்பொழுது? ஏரியில் இதற்கு இடப்படும் விருந்து அளவிறந்துபோம் பொழுது. வெயில் காய்ந்து, காற்று ஓய்ந்து, மேல்நீர் வெதும்பி அடிநீரோடு கலவாது நிற்கும் நாட்களிலே இதன் திறமை விளங்கும். இதன் உயிரணுவுள் வளி நிறைந்த நுண்ணிய குழல்கள் உள. அவற்றால் இது தெப்பம்போல மேலெழுந்து ஒளியைக் கொள்ளும். ஒளியால் ஆக்கிய சர்க்கரை மிகுந்து உடல் கனத்தவுடன் கீழிறங்கி, அடிநீரில் மிகுந்துள்ள பாஸ்பரஸை முகந்து சேமித்துக்கொண்டு மீண்டும் எழும். ஏனைய பாசிகளோ அமைதியான நீரிற் பெரும்பாலும் அமிழ்ந்துபோவன. சில வகைகள் நைட்ரஜனையும் காற்றினின்றே ஈட்டிக்கொள்ளும். இவற்றை மேயவல்ல நீர்த்தெள்ளு முதலிய சிற்றுயிர்களோ, கூட்டங் கூட்டமாய்ப் பசையிற் பிணைந்து நிற்கும் நீலப்பாசியை விழுங்கமாட்டாது திகைக்கும். இவ்வாறு சில நாட்களுக்குள் ஏரியின் மேற்பரப்பு முழுதும் ஏடு படர்ந்தாற்போலாகின்றது. இரவில் அது மூச்சுவிட்டும், மடிந்து அழுகியும் நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிட, மீன்கள் மாளும்.

நஞ்சின் செய்தியை உலகிற்கு முதலில் தெளிவுற அறிவித்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பிரான்ஸிஸ் என்பவர். ஆஸ்திரேலியாவின் முரே நதி கடலை அணுகுமிடத்து அலெக்ஸாந்திரினா ஏரி உளது. அதன்மேற் பச்சை எண்ணெய் வர்ணம்போலத் தடித்துப் படர்ந்த ஏட்டைக் குடித்த ஆடும் மாடும் குதிரையும் நாயும் விழுந்து மாண்டன. அவ்வேட்டை ஓர் ஆட்டிற்குக் கொடுத்துப் பார்த்து, அதுவும் மாண்டதை அவர் 1878ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் பத்திரிகைக்கு எழுதினார். பின்வந்த நூற்றாண்டில் இந்நஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் பிரித்தறியப்பட்டன. நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவன சில. பெரும்பான்மையாகக் காணப்படும் மைக்ரோஸிஸ்டின் என்பதோ கல்லீரலைத் தாக்குவது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாய்ப் பிணைந்த இப்பொருள், பித்தநீரின் உப்புக்கள் ஈரலுட் புகும் வாயில் வழியே தானும் புகுந்து, ஈரலணுக்களின் கட்டுக்கோப்பைக் குலைத்து உள்ளே குருதி கசியச் செய்கின்றது. நீரைக் கொதிக்க வைப்பின் இந்நஞ்சு அழிவதில்லை. நீர் ஆவியாய்ப் போகப்போக நஞ்சு செறிகின்றது. கொதித்தாறிய நீரே தூய நீர் என்று நம் அன்னையர் கற்பித்த பாடம் ஈண்டுப் பயன்படாதொழிவது வியப்பிற்குரியதன்றோ? வாழ்நாள் முழுதுங் குடிக்கத்தக்க நீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒரு கிராமைப் பத்து இலட்சங் கூறாக்கினால் ஒரு கூறு அது.

இவ்வளவு சிறிய அளவைக் கண்டு இகழ்வார் 1996ஆம் ஆண்டிற் பிரேஸில் தேசத்துக் கருவாரு நகரில் நிகழ்ந்ததை நினைக்க. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இரத்தத்தைச் சுத்திசெய்யும் மருத்துவ நிலையம் ஒன்று அங்கிருந்தது. வறட்சி மிகுந்த அக்காலத்தில், நீலப்பாசி மண்டிய நீர்த்தேக்கத்தினின்று முற்றும் சுத்திசெய்யப்படாத நீர் வண்டிகளில் ஏற்றி அந்நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டது. நீரைக் குடிப்பவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பர். அதுவும் குடலைக் கடந்தே குருதியை அடையும். இரத்தச் சுத்திகரிப்பு ஒருமுறை நிகழ்வதற்கோ 100 லிட்டருக்கு மேற்பட்ட நீர், மெல்லிய சவ்வொன்றே இடையிருக்க, நோயாளியின் குருதியோடு அடுத்து ஓடுகின்றது. சிகிச்சை பெற்ற 131 பேரில் 116 பேர் கண் மங்கி, வாந்தியெடுத்து, தளர்ந்து வீழ்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் 50க்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். பிழைப்பதற்காகச் சென்ற இடத்திலே அவர்கள் நம்பிக் கை நீட்டியது நீரை நோக்கியே.

இனிப் பரிகாரத்திற்கு வருவோம். எம் வழக்கெல்லாம் இங்கேதான் உளது. பாசி கொல்கின்றதாதலின் பாசியைக் கொல்வோம் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். 1904ஆம் ஆண்டில் மூர், கெல்லர்மன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், மயில்துத்தத்தைச் சிறிதளவு நீரிற் கரைப்பின் பாசி மடியும் எனக் காட்டினர். அன்று தொட்டு, பச்சையான ஏரியைக் கண்டவிடத்து மயில்துத்த மூட்டையைப் படகில் ஏற்றுவது வழக்கமாயிற்று. ஏடு ஓரிரு நாளில் மறையும், நீர் தெளியும், மக்கள் மகிழ்வர். ஆனால் மறைந்தது ஏடு மட்டுமே. நஞ்சிற் பெரும்பகுதி உயிரோடிருக்கும் பாசியின் உடலுக்குள் அடங்கியிருப்பது. உடல் சிதையாதவரைக்கும் படிகாரமிட்டுத் திரட்டி, மணற்படுகையில் வடித்து, நஞ்சையும் அதன் உறையோடு அகற்றிவிடலாம். மயில்துத்தமோ உறையைக் கிழித்து நஞ்சை நீரிற் கரைத்துவிடுகின்றது. கரைந்த நஞ்சு மணற்படுகையை எளிதிற் கடந்து வீட்டுக் குழாயை அடைகின்றது.

இது வெறும் ஊகமன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையை அடுத்துப் பாம் தீவு உளது. 1918ஆம் ஆண்டு தொட்டு, நாட்டின் பல பகுதிகளினின்றும் அத்தேசத்துப் பழங்குடியினர் அகற்றிக் கொணரப்பட்டுக் குடியேற்றப்பட்ட தீவு அது. அவர்கள் குடிநீர் ஸாலமன் அணையின் நீர். 1979ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வணையிற் பாசி மிகுந்து நீர் சுவையும் மணமுங் கெட்டதாகவே, மயில்துத்தம் இடப்பட்டது. சில நாட்களுக்குள் 138 சிறுவரும் 10 பெரியோரும் ஈரல் வீங்கி, வாந்தியும் குருதிக்கழிச்சலுமாய் நோயுற்றனர். அந்நோய் யாதென அறியாமையால் 'பாம் தீவின் மர்ம நோய்' என்றே வைத்தியர் எழுதினர். பின்னர் அவ்வணைநீரினின்று பிரித்தெடுத்து வளர்த்த நீலப்பாசியொன்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருப்பது தெரியவந்தது. நோய்க்குக் காரணம் செம்பே எனக் கூறினாரும் உளர். எதுவாயினும், கேடு விளைந்தது பாசி படர்ந்த நாளிலன்று, பாசியைக் கொன்ற பின்னர் என்பது கவனித்தற்குரியது. துத்தத்தை ஒருபோதுந் தொடற்க என யாம் கூறவில்லை. பாசி அருகியிருக்கும் தொடக்கத்திலேயே, நீரைச் சோதித்து அறிந்தவர் கையால் இடப்படின் அது பயன்படுதலுங் கூடும். ஆனால் ஏடு படர்ந்தபின் இடும் துத்தம் வியாதியை மறைத்து நஞ்சை வழங்குவதாகும்.

வேறு முறைகளும் பல. ஏரியடியிலிருந்து காற்றைச் செலுத்தி நீரைக் கலக்குதல், பாஸ்பரஸைப் பிணிக்கும் களிமண்ணையோ படிகாரத்தையோ தூவுதல், வார்கோதுமை வைக்கோலை மிதக்கவிடுதல் என இவ்வாறு. ஸ்வீடன் தேசத்து டிரம்மன் ஏரியில் 1970, 1971ஆம் ஆண்டுகளில் அடிச்சேற்றையே உறிஞ்சி அகற்றி நலங் கண்டனர். என்னை? பல்லாண்டுகளாக ஏரியுட் புகுந்த பாஸ்பரஸ் சேற்றிற் புதைந்திருந்து, அடிநீரில் உயிர்வளி அற்றபோதெல்லாம் மீண்டும் வெளிப்பட்டுப் பாசிக்கு உணவாகின்றது. சிற்றேரிக்கு இம்முறை ஏற்கும். கடல்போன்ற ஏரிக்கு எங்ஙனம் ஏற்கும்?

ஆதலின் கேட்கவேண்டிய கேள்வி, பாசியை எதனாற் கொல்வது என்பதன்று. பாசிக்குச் சோறு போடுபவர் யார் என்பதே. இதற்கு விடை பகர்ந்த சோதனை கனடாவில் 226 என்னும் எண்ணையே பெயராகக்கொண்ட ஏரியொன்றில் 1973ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அக்காலத்திற் சலவைத்தூள் செய்யும் வணிகர், தங்கள் தூளிலுள்ள பாஸ்பரஸ் குற்றமற்றதென்றும், நீரிற் சேரும் கரியே பாசிக்குக் காரணமென்றும் வாதித்து வந்தனர். ஷிண்ட்லர் என்னும் அறிஞர் அவ்வேரியின் குறுகலான இடையிலே திரைச்சீலையொன்றைக் கட்டி அதனை இரண்டாக்கினார். இரு பகுதியிலும் கரியும் நைட்ரஜனும் இடப்பட்டன. ஒரு பகுதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதி மட்டும் பச்சையாயிற்று. மறுபகுதி தெளிந்தே கிடந்தது. வானினின்று எடுத்த படமொன்றில் அவ்விரு நிறத்தையுங் கண்டவர்க்கு வேறு சான்று வேண்டியிருந்ததில்லை. நூறு சொற்பொழிவினும் ஒரு சீலை வலிதாயிற்று. நைட்ரஜனையுங் குறைத்தல் வேண்டுமென இக்காலத்தார் சிலர் வற்புறுத்துவதிலும் உண்மையுண்டு; ஆயினும் பாஸ்பரஸை விட்டுவைக்கலாமெனச் சொல்வார் அரியர்.

ஊட்டுவதை நிறுத்தினால் ஏரி தேறுமோ எனின், தேறும். அமெரிக்காவின் ஸியாட்டில் நகரையடுத்த வாஷிங்டன் ஏரியில், சுற்றிலுமிருந்த ஊர்களின் கழிவுநீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. 1955ஆம் ஆண்டில் அவ்வேரியில் ஒரு புதிய உயிர் தோன்றியதை எட்மண்ட்ஸன் என்னும் பேராசிரியரும் அவர் மாணவரும் கண்டனர். அது வேறன்று, மூர்ட்டன் ஏரியில் மாண்டவர் குருதியெனப்பட்ட அந்த நூலிழையே. ஸ்விட்ஸர்லாந்தின் சூரிச் ஏரி கெட்ட வரலாற்றைக் கற்றிருந்த எட்மண்ட்ஸன், இது மேலும் வரவிருக்கும் கேட்டிற்குத் தூதென உணர்ந்து அறிவித்தார். 1958ஆம் ஆண்டில் இத்திட்டம் மக்கள் வாக்கிற்கு விடப்பட்டு முதன்முறை தோற்றது. அவ்வாண்டிலேயே திருத்தி மீண்டும் விடப்பட்டு வென்றது. 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியே ஏரியினின்று திருப்பப்பட்டது. நீருள் இறக்கிய வெண்டட்டு ஒரு மீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்துவந்த நிலைமாறி, 1970களின் பிற்பகுதியில் அதனிற் பன்மடங்கு ஆழத்திலும் தோன்றலாயிற்று. ஒரு படகு துத்தமும் இதற்கு வேண்டியதில்லை. மக்கள் தம் வரிப்பணத்தாற் குழாய் பதித்தனர், அவ்வளவே.

ஆனால் குழாய் பதித்து மாற்றவியலாத ஊற்றும் ஒன்று உளது. ஈரி ஏரி அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் இடைப்பட்டது. 1972ஆம் ஆண்டில் இரு தேசத்தாரும் செய்த உடன்படிக்கையால், கழிவுநீர் நிலையங்களும் சலவைத்தூளும் திருத்தப்பட, அதுவும் வாஷிங்டன் ஏரி போலவே தேறிற்று. பின்னர் 1990கள் தொட்டு நோய் திரும்பியது. இம்முறை பாஸ்பரஸ் வந்தது, மாமீ நதி வடித்துவரும் வயல்களினின்று. பயிர்க்கு இட்ட உரமும் தொழுவத்து எருவும் வசந்தகால மழையிற் கரைந்து, நிலத்தடி வடிகால்களின் வழியே ஓடிவந்தன. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் விடியுமுன் டொலீடோ நகரத்தார்க்கு ஓர் அறிவிப்பு வந்தது: குழாய்நீரைக் குடியாதீர், கொதிக்க வைத்துங் குடியாதீர். 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர், உலகத்தின் பெரிய நன்னீர் ஏரிகளுள் ஒன்றின் கரையிலே நின்றுகொண்டு, கடைகடையாய்ப் புட்டிநீர் தேடியலைந்தனர். தடை நீங்கியது மூன்றாம் நாள்.

உழவரைப் பழிப்பது எம் கருத்தன்று. விளைச்சலை மிகுவிக்க என்று அவர்க்கு உரத்தைக் கற்பித்தவர் வேறு பலர். ஆயினும் சட்டத்தின் ஓரக்கண் எமக்கு விளங்கவில்லை. அத்தேசத்து 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் குழாய்வழி விழும் கழிவைக் கடிந்து அடக்குகின்றது. வயலினின்று மழையோடு வழியும் நீரை அவ்வாறு அடக்குவதில்லை. 2015ஆம் ஆண்டில் ஒஹாயோ, மிச்சிகன், ஒண்டேரியோ அரசுகள், ஏரியின் மேல்பகுதிக்கு வரும் பாஸ்பரஸை 2025ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 40 பங்கு குறைப்போமென ஒப்பமிட்டன. அவ்வாண்டு வந்து சென்றது, குறி எட்டப்படவில்லை. உழவர் தாமே விரும்பித் திருந்துவர் என்று அவர்க்குப் பொருள் கொடுத்துக் காத்திருத்தலே பெரிதும் கையாண்ட முறை. டொலீடோ மக்கள் பொறுமையிழந்து, 2019ஆம் ஆண்டில் அந்த ஏரிக்கே வாழும் உரிமை உண்டென வாக்களித்து நகரச் சட்டமாக்கினர். ஏரியொன்று வழக்காளியாய் நீதிமன்றம் ஏறலாமென்ற அந்த எண்ணம், மலையையும் ஆற்றையும் விளித்துப் பேசும் சங்கீதங்களைப் பாடி வளர்ந்த எமக்கு அத்துணை விந்தையாகத் தோன்றவில்லை. ஆனால் மறுவருடமே, சொற்கள் தெளிவற்றன என்று நடுவர் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டார்.

எம் கருத்து இதுவே: வயலினின்று வடியும் நீரையும் குழாய்நீர்போலவே அளந்து, வரம்பு கட்டி, வரம்பு கடந்தவிடத்துச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும், அதற்காகும் செலவில் உரம் விற்போரும் பங்கு தருதல் வேண்டும். இப்பொழுது நடப்பதோ வேறு. டொலீடோவின் நீர் நிலையத்திற் கரித்தூளும் ஓசோனும் கொண்டு நஞ்சைப் பிரிக்கின்றனர். வேனிற்காலந்தோறும் ஏரியிற் பாசி எவ்வளவு படருமென அரசாங்க விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணித்து அறிவிக்கின்றனர். கரித்தூளின் விலையும் ஓசோனின் விலையும், நீரைக் குடிப்பவர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் ஏறி வருகின்றன.